அழுதேன் என்று எழுதியது அவ்வளவு பெரிய குற்றமா?

நேற்று என் பதிவுக்குக் கீழே நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். "அழுகை விமர்சனம் ஆகாது, முதலில் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் எழுத, அதற்கு நாற்பது பேர் இதயம் விட்டிருக்கிறார்கள்.

நான் விமர்சகி இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை. எழுத்தாளர் இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலைப் படித்தேன், அழுதேன், அதை எழுதினேன்.

"வடிவத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே" என்கிறார்கள். இருந்தது. கதை பெரும்பாலும் பேச்சாலேயே நகர்கிறது, ஒரே புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது, ஆரம்பத்தில் அலுப்புத் தட்டியது என்று எழுதியிருந்தேன். அந்த அலுப்பு எப்படிப் போனது என்று சொல்ல வராமல்தான் அழுதேன் என்று முடித்தேன். இப்போது சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் என் தங்கை ஒன்பது நாள் ஐசியூவில் இருந்தாள். வெளியே பெஞ்சில் நாங்கள். அப்பா மடியில் ஒரு துணிப்பை, உள்ளே ரப்பர் பேண்டு போட்ட நோட்டுக்கட்டு. கதவு திறக்கும்போதெல்லாம் பையோடு எழுந்து நிற்பார். நர்ஸ் வேறு யாருக்கோ மருந்துச்சீட்டைக் கொடுத்துவிட்டுப் போவார். உட்காருவார். "காலையில நல்லாத்தானே பேசினா" என்று அம்மா ஒன்பது நாளும் சொன்னாள். வந்தவர்களிடம் சொன்னாள், யாரும் இல்லாதபோதும் சொன்னாள். பணத்தில் பாதி பையிலேயே திரும்பி வந்தது. தங்கை வரவில்லை.

நாவலில், ஜிப்மர் ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் மகள் ரேவதி கிடக்க, வெளியே அப்பா நடேசனும் மற்றவர்களும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அது எழுத்தின் குறை இல்லை. அங்கே மனுஷர்கள் அப்படித்தான் பேசுவார்கள். இது வடிவத்தைப் பற்றிய பேச்சு இல்லையா?

"2020க்கான சாகித்திய அகாதெமி பரிசு வாங்கிய நாவல், உங்கள் சான்று அதற்கு வேண்டாம்" என்றார் இன்னொருவர். நான் யாருக்கும் சான்று தரவில்லை.

போன மாதம் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலைப் பற்றி எழுதினேன். இந்தோனேசியாவின் மெடானில் இருக்கும் நாயகன் பாண்டியனுக்குள் மதுரை எப்படி ஓடிக்கொண்டே இருக்கிறது என்று எழுதினேன். இதே ஆட்கள் ஆழமான வாசிப்பு என்றார்கள். அதில் அழுகை இல்லை. அதனால் அது வாசிப்பு, இது புலம்பலா? இரண்டையும் படித்தவள் நான் ஒருத்திதானே!

அந்த நாற்பது இதயங்களில் ஒன்று, தங்கை போன அன்று இரவு முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுடையது. நான் எதற்கு அழுதிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். மற்றவர்கள் எதுவும் சொல்ல வேண்டாம். அவள் மட்டும் ஒரு போன் பண்ணட்டும்.