கரு தங்காத வீட்டில் கண்ணாடி விரியனுக்கு என்ன வேலை?

மருமகளுக்கு இரண்டு மூன்று முறை கரு கலைந்துவிட்டால் எங்கள் பக்கம் முதலில் எடுப்பது ஜாதகம்தான். நாகதோஷம் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அரசமரத்தடியில் நாகர் பிரதிஷ்டை, அப்புறம் திருக்கருகாவூர் போய் கர்ப்பரட்சாம்பிகையிடம் வேண்டி நெய் வாங்கி வருவது. இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை, அந்தக் கோயிலுக்கு நானும் போகிறவள்தான். என் கோபமெல்லாம், ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது என்பதை யாருமே சொல்லாமல், "அவ உடம்பு வாகு அப்படி" என்று அந்தப் பெண் தலையில் கட்டிவிடுவதில்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பரிசோதனையிலும் ஒரு பாம்பு உண்டு. நம் வைக்கோல் போரிலும் வரப்பிலும் கிடக்கிற அதே கண்ணாடி விரியன்.

கும்பகோணம் பக்கம் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. அதன் அடிப்படைப் பொருள் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு. தண்ணீரை நாடும் ஒரு தலை, தண்ணீரைக் கண்டால் விலகும் இரண்டு வால். தண்ணீரில் விட்டால் வாலெல்லாம் உள்ளே ஒளிய, தாமாகவே இரண்டு அடுக்காக நின்றுகொள்ளும். மொத்தக் கனமே சுமார் 5 நானோமீட்டர்தான். பள்ளிக்கூடத்தில் இதைச் செல்லின் எல்லை என்று படித்ததோடு சரி. வரப்பு என்றால் வெறும் எல்லையா? எந்த மடையை எப்போது திறப்பது என்பதும் அங்கேதானே இருக்கிறது.

இரண்டு அடுக்கும் ஒன்றுபோல இருக்காது. பாஸ்படிடைல்செரின் என்ற ஒரு வகையை உள்ளடுக்கிலேயே வைத்திருக்கச் செல் ஓயாமல் ஆற்றலைச் செலவழிக்கிறது. அது வெளிப்பக்கம் வந்துவிட்டால் ஏதோ நடக்கப்போகிறது என்று பொருள். சாகப்போகும் செல்லில் வந்தால் வெள்ளணுக்கள் அதைத் தின்று அப்புறப்படுத்தும். காயம்பட்ட இடத்தில் தட்டணுக்களின் மேல் வந்தால், ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள் அதன் மேல் வந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கும். நஞ்சுக்கொடி உருவாகும்போதும் அதன் செல்கள் ஒன்றோடொன்று இணைவதற்காக இதை வெளியே காட்டுகின்றன.

சிலருடைய உடம்பில், இந்தக் கொழுப்பின் மேல் ஒட்டும் புரதங்களுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் (கிருமியைத் தாக்க உடம்பு செய்யும் தற்காப்புப் புரதம்) உண்டாகிவிடுகிறது. ஆன்டிபாஸ்போலிப்பிட் சின்ட்ரோம், சுருக்கமாக ஏபிஎஸ். 1983-இல் லண்டனில் கிரகாம் ஹியூஸ் என்ற மருத்துவர் விவரித்தது. சிலருக்கு இளம் வயதிலேயே காலில் ரத்தக்கட்டி, பக்கவாதம் வரும். சிலருக்கு நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் கரு கலையும். திரும்பத் திரும்பக் கரு கலையும் பெண்களில் 100-க்கு 15 பேர் வரை இதுதான் காரணம் என்கிறார்கள்.

இனி விரியனுக்கு வருவோம். அதன் விஷத்தில் ரத்தம் உறைதலின் பத்தாவது காரணி என்ற புரதத்தை நேராகவே தூண்டிவிடும் நொதி ஒன்று இருக்கிறது. கடிபட்டவருக்கு உறையவைக்கும் பொருளெல்லாம் செலவழிந்து, கடைசியில் ரத்தம் நிற்காமல் கசிவது அதனால்தான். லேபில் அந்த விஷத்தை மிகவும் நீர்க்கச் செய்து, துளி பாஸ்போலிப்பிடோடு பிளாஸ்மாவில், அதாவது அணுக்களை நீக்கிய ரத்தத்தின் நீர்ப்பகுதியில் சேர்த்து நொடிகளை எண்ணுவோம். எதிர்ப்பொருள் அந்தக் கொழுப்பைப் பிடித்துக்கொண்டால் உறைய நேரமாகும். கொழுப்பைத் தாராளமாகச் சேர்த்தால் நேரம் குறையும். குறைந்தால் ஆள் அகப்பட்டாயிற்று. குழாய்க்குள் உறையத் தாமதம், உடம்புக்குள் உறையக் கூடாத இடத்தில் உறைதல் என்று இதற்கு இரண்டு முகம்.

இதற்கு ரத்தத்தை நீல மூடிக் குழாயில் கோடு வரை எடுக்க வேண்டும். 9 பங்கு ரத்தத்துக்கு, அது உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 1 பங்கு, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சென்ட்ரிபியூஜில் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை சுற்ற வேண்டும். தட்டணுக்கள் மிச்சமிருந்தால் அவற்றின் சவ்வுக் கொழுப்பு எதிர்ப்பொருளை வாங்கிக்கொள்ளும். நோய் இருப்பவருக்கும் நார்மல் என்று ரிப்போர்ட் போய்விடும். கூட்டம் அதிகம் என்று ஒரே சுற்றோடு முடிப்பவர்களை நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

அதைவிட எரிச்சல் இன்னொன்று. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கும் விடிஆர்எல், மேகநோய்க்கான (சிபிலிஸ்) பரிசோதனை. அதில் நாங்கள் சேர்ப்பது அந்தக் கிருமியை அல்ல, கார்டியோலிபின் என்ற இன்னொரு பாஸ்போலிப்பிடை. ஏபிஎஸ் உள்ள பெண்ணுக்கு, மேகநோயே இல்லாமல் அது பாசிட்டிவ் காட்டலாம். ஏற்கெனவே கரு தங்காதவள், அதோடு இப்படி ஒரு ரிப்போர்ட். அந்த வீட்டில் அவளை எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா? டிபிஹெச்ஏ போன்ற உறுதிப் பரிசோதனை முடியாமல் அந்தத் தாளை மாமியார் கையிலோ கணவர் கையிலோ கொடுப்பது என்னைக் கேட்டால் பாவம். யாருடைய ரத்தமோ, அவரிடம்தான் பேச வேண்டும்.

ஒரு முறை கலைந்ததற்கெல்லாம் இது வேண்டாம். ஆரம்ப மாதங்களில் கலைவதில் ஏறக்குறைய பாதி குரோமோசோம் கோளாறால்தான். அடுத்தடுத்து மூன்று முறை கலைந்தாலோ, 10 வாரத்துக்குப் பிறகு காரணம் தெரியாமல் சிசு இறந்திருந்தாலோ, டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் (விரியன் விஷத்தை வைத்துப் பார்ப்பது இதைத்தான்), ஆன்டிகார்டியோலிபின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் என்று மூன்று பரிசோதனை இருக்கிறது. பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், சில தொற்றுகளுக்குப் பிறகும் தற்காலிகமாக இது ஏறும். காசு கொஞ்சம் ஆகும்தான். ஹோமத்துக்கு ஆகிற காசை யாரும் கணக்குப் பார்ப்பதில்லையே.

உறுதியானால் சிறிய அளவு ஆஸ்பிரின், கூடவே வயிற்றுத் தோலில் தினம் ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி. ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. இந்தச் சிகிச்சையில் பெரும்பாலானவர்களுக்குக் குழந்தை கையில் கிடைக்கிறது. பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள் என்று நீங்களாக மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். பிரசவத்தோடு ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். கட்டி உண்டாகும் அபாயம் அப்புறமும் இருக்கும். கருத்தடை மாத்திரை கேட்கப் போகும்போது அதைக் கையோடு எடுத்துப் போங்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை இவர்களுக்கு ஆகாது.