பழசுன்னு தெரிஞ்சுதான் வாங்கினேன்

அந்த மெரூன் சட்டை விஷயம் இங்க இருக்கிற பாதி பேருக்குத் தெரியும், போன வாரம் ஃபோட்டோவோட போட்டிருந்தேன், அதனால முழுக்கதையும் திரும்பச் சொல்லப் போறதில்ல. தெரியாதவங்களுக்கு: ஆன்லைன்ல செகண்ட் ஹேண்டா ஒரு சட்டை வாங்கினேன், விளம்பரத்துல எழுதியிருந்ததுக்கும் கைக்கு வந்ததுக்கும் சம்பந்தமே இல்ல, அதனால புகார் கொடுத்திருக்கேன். ஆனா அதுக்கப்புறம் நான் கேட்ட பேச்சு இருக்கே, அதைப் பத்திப் பேசாம என்னால இருக்க முடியல. "செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டு புதுசு மாதிரி வேணும்னா எப்படி?" இதையே ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிட்டாங்க. முன்னப்பின்ன தெரியாதவங்க சொல்லியிருந்தா விட்டிருப்பேன். கூடப் பழகினவங்க, என் அலமாரியில பாதித் துணி இப்படி வாங்கினதுதான்னு நல்லாத் தெரிஞ்சவங்க சொன்னாங்க. மூணு நாளா மனசுல அதுதான் ஓடிட்டு இருக்கு.

நான் புதுசு கேக்கவே இல்லைங்க. பழசுன்னு தெரிஞ்சுதான் வாங்கினேன். பழைய துணி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? காலர் மடிப்புல நைஞ்சிருக்கும், கலர் கொஞ்சம் வெளிறியிருக்கும், பட்டன் ஒண்ணு வேற மாதிரி இருக்கும், ஸ்வெட்டர்னா முழங்கைப் பக்கம் நூல் உருண்டு உருண்டு நிக்கும். இதெல்லாம் குறையே இல்ல, ஒருத்தர் போட்டு வாழ்ந்த துணின்னு அர்த்தம், அவ்வளவுதான். எழுதியிருந்தா படிச்சுப் பாத்து, எனக்கு ஒத்துவந்தா வாங்கியிருப்பேன், இல்லன்னா தாண்டிப் போயிருப்பேன். அந்த முடிவை நான் எடுக்கணும். எடுக்க விடாமப் பண்ணிட்டாங்க, அதுதான் கோபம்.

"ப்யூர் சில்க். ஒரே ஒரு தடவை போட்டது. எந்தக் குறையும் இல்லை." வித்தவங்க விளம்பரத்துல இப்படி மூணு வரி எழுதியிருந்தாங்க. மூணும் பொய்.

கவரைப் பிரிச்சதுமே சென்ட் வாசனை குப்புனு அடிச்சுது. கண்ணைக் கரிக்கிற அளவுக்கு. ரெண்டு நிமிஷம் ஜன்னலோரம் வச்சதும்தான் அதுக்கு அடியில இருந்து பூஞ்சை வாடை மேல வந்துச்சு, பல மாசம் மூட்டையா கட்டி வச்ச துணியில வருமே, அது. சட்டையை உள்பக்கமாத் திருப்பினேன். அக்குள் ரெண்டும் காய்ஞ்ச கஞ்சி மாதிரி விறைச்சு, கலர் வெளுத்து, ஓரத்துல மஞ்சள் கோடு. ஒரு தடவை போட்டா அப்படி ஆகாதுங்க. வேர்வையும் டியோடரன்ட்டும் சேர்ந்து திரும்பத் திரும்ப ஊறினாத்தான் துணி அப்படிக் கெட்டிப்படும். இடது அக்குள்ல சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். அதைக் கறுப்பு நூல்ல, பொடிப்பொடித் தையலா, ரொம்பப் பொறுமையா கையால தச்சிருக்காங்க. கையைத் தொங்க விட்டா வெளியில தெரியவே தெரியாது. இப்ப அந்த விளம்பரத்துல இருந்த அஞ்சு ஃபோட்டோவையும் எடுத்துப் பாருங்க, அஞ்சுலயும் சட்டை ஹேங்கர்ல தொங்குது, கை ரெண்டும் உடம்போட ஒட்டிக் கீழ பாத்துட்டு இருக்கு. தற்செயலா?

இன்னொண்ணு, உள்ள பக்கத் தையல்ல லேபிள் இருந்த இடத்துல ஒரு வெள்ளைத் துணுக்கு மட்டும் மிச்சம் இருந்துச்சு. கத்தரிக்கோல் வச்சு நேரா வெட்டியிருக்காங்க. என்ன துணி, எப்படித் துவைக்கணும்னு சொல்ற லேபிள் அது. சிலருக்கு லேபிள் உறுத்தும், வெட்டிடுவாங்க, நானும் வெட்டியிருக்கேன். ஆனா வெட்டினதுக்கப்புறம் "ப்யூர் சில்க்"னு எழுதறதுக்கு ஒரு துணிச்சல் வேணும்.

சில்க்கா இல்லையான்னு எப்படிச் சொல்றேன்னு ஒருத்தர் கேட்டார். எரிச்சுப் பாத்தேன். உள்மடிப்புல விட்டிருந்த அதிகத் துணியில இருந்து ஒரே ஒரு இழையை உருவினேன். தையல் நூலை உருவக் கூடாது, அசல் பட்டையே பாலியஸ்டர் நூல்ல தச்சிருப்பாங்க, அதை எரிச்சுட்டுச் சண்டைக்குப் போனா நாமதான் தப்பாகிப் போவோம். ட்வீசர்ல பிடிச்சு, கீழ ஒரு தட்டுல தண்ணி வச்சுக்கிட்டு, நெருப்பைக் காட்டினேன். பட்டு முடி மாதிரி, அதுவும் புரதம்தான், அதனால முடி கருகுற நாத்தம் வரும், நெருப்பை எடுத்தா அதுவே அணைஞ்சுடும், மிச்சத்தை விரலால தேச்சாப் பொடியாயிடும். இது நெருப்பைப் பாத்ததும் சுருங்கி ஓடுச்சு, உருகுச்சு, கறுப்புப் புகை விட்டுச்சு, கடைசியில கடுகு மாதிரி ஒரு கறுப்பு உருண்டை. நகத்தால அழுத்தினேன், உடையல. பாலியஸ்டர்.

இங்க ஒரு விஷயம் நான் ஒத்துக்கணும். வித்தவங்களுக்கு அது தெரியாம இருந்திருக்கலாம். சாட்டின்னு ஒரு துணியே கிடையாது, அது நெசவோட பேரு. பட்டுலயும் சாட்டின் நெய்யலாம், பாலியஸ்டர்லயும் நெய்யலாம், ரெண்டும் வழவழன்னு பளபளன்னுதான் இருக்கும். பாதிக் கடைங்க "சாட்டின் சில்க்"னு எழுதித்தான் விக்குது, அதை நம்பி வாங்கினவங்க அதே பேர்ல திருப்பி விப்பாங்க. அதுல யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். அதனாலதான் முதல்ல நான் அனுப்பின மெசேஜ் அவ்வளவு பணிவா இருந்துச்சு. "ஒருவேளை உங்களுக்கே தெரியாம இருந்திருக்கலாம்ங்க, திருப்பி எடுத்துக்கிறீங்களா"ன்னுதான் கேட்டேன். அந்த ஸ்க்ரீன்ஷாட்டும் போட்டிருக்கேன், பாத்துக்கோங்க.

ஆனா கிழிசலைத் தச்ச கைக்குக் கிழிசல் இருக்குன்னு தெரியாமப் போகுமா? சென்ட் அடிச்சது எதுக்குன்னு தெரியாமப் போகுமா? துணி என்னன்னு தெரியலன்னா "தெரியல, லேபிள் இல்ல"ன்னு எழுதலாம். அந்த ரெண்டு வார்த்தை எழுதியிருந்தா நான் இப்ப இதை எழுதிட்டு இருக்க மாட்டேன்.

"பாவம், வீட்ல இருந்து ரெண்டு காசு பாக்குறவங்க, அவங்க மேல போயி கம்ப்ளெயின்ட் கொடுக்கலாமா"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. அது எனக்கு உண்மையிலேயே உறைச்சுது. ராத்திரி அதை நினைச்சுப் புரண்டேன். ஆனா அக்கா, நான் மட்டும் என்ன, காசு மிஞ்சிப் போயா பழசு வாங்குறேன்? புதுசுக்குக் கொடுக்கக் கட்டுப்படி ஆகாதவங்கதான் அங்க வந்து தேடறாங்க. விக்கிறவங்க கஷ்டத்துக்கு இருக்கிற மரியாதை என் கஷ்டத்துக்கும் வேணும்ல. அந்தத் தொகையைச் சேர்த்து வச்சுத்தான் வாங்கினேன், ஒரு விசேஷத்துக்குப் போடறதுக்கு. கடைசியில வேற எதையோ போட்டுட்டுத்தான் போனேன்.

எனக்குப் பழைய துணி கேவலம்னு நினைப்பு கிடையவே கிடையாது. நான் வளர்ந்ததே பெரியம்மா பொண்ணோட துணியிலதான். வருஷத்துக்கு ரெண்டு தடவை பெரியம்மா ஒரு பை கொண்டு வருவாங்க. பையை அப்படியே கொடுத்துட்டுப் போக மாட்டாங்க. கட்டில்ல உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்து விரிச்சு, அம்மாகிட்ட குறையைத்தான் முதல்ல காட்டுவாங்க. "இதுல கடைசியில ஜிப் சிக்கும், மெழுகுவத்தி தேச்சு விடு." "இது மூணு துவைப்புக்கு மேல தாங்காது, வீட்ல போடட்டும்." "இதோ பாரு, இங்க ஒரு பேனாக்கறை, நான் எவ்வளவோ தேச்சேன், போகல." சில துணியை எடுத்துப் பாத்துட்டு, "இது வேணாம், இதைக் கொடுத்தா எனக்கே நல்லா இருக்காது"ன்னு தரைத்துணிக்குத் தனியா வச்சுடுவாங்க. சும்மா கொடுக்கிற துணிங்க அது! ஒரு பைசா வாங்கல. அந்தப் பேனாக்கறை கவுனை நான் ரெண்டு வருஷம் போட்டேன். கறை எங்க இருக்குன்னு தெரியும், அந்தப் பக்கம் கையை வச்சுக்குவேன். ஸ்கூல்ல பிள்ளைங்க கேட்டப்பகூட எனக்கு அவமானமா இல்ல. இந்தச் சட்டைதான் அவமானமா இருக்கு, நாப்பது வயசுல.

ஏன்னா அடுத்து நடந்தது அப்படி. என் பணிவான மெசேஜுக்கு வந்த பதில்: "நான் அனுப்பும்போது கிழிசல் இல்ல. நீங்க போட்டுட்டுத் திருப்பி அனுப்பப் பாக்குறீங்க." நான் போட்டேனாம். சாயங்காலம் பார்சல் வந்து, ராத்திரிக்குள்ள நான் போட்டு, கிழிச்சு, பொடித்தையலாத் தச்சு, அக்குள்ல மஞ்சள் கோடு வர வச்சு, மெசேஜும் அனுப்பினேனாம். பொருள் கெட்டுப் போனது ஒரு பங்கு வலின்னா, என்னைத் திருடின்னு சொன்னது பத்துப் பங்கு. அதைப் படிச்சுட்டு கை நடுங்குச்சு, உடனே பதில் போடாம போனைக் கவுத்து வச்சுட்டேன்.

"வாங்குறவங்களும் ஏமாத்துறாங்க, போட்டுட்டுத் திருப்பி அனுப்புறவங்க இல்லையா"ன்னு கேக்குறீங்க. இருக்காங்க. அவங்க பண்ணதுக்கு என்கிட்ட ஏன் கேக்குறீங்க.

1970ல ஜார்ஜ் ஆகர்லாஃப்னு ஒரு பொருளாதார அறிஞர் பழைய கார் விக்கிற சந்தையை வச்சு இதைத்தான் எழுதினார், 2001ல அவருக்கு நோபல் பரிசும் கிடைச்சுது. விக்கிறவனுக்கு வண்டியோட குறை தெரியும், வாங்குறவனுக்குத் தெரியாது, அதனால வாங்குறவன் எல்லா வண்டியையுமே சந்தேகப்பட்டுக் குறைச்சுக் கேப்பான், நல்ல வண்டி வச்சிருக்கிறவன் இந்த விலைக்கு எதுக்குன்னு வெளிய போயிடுவான், கடைசியில ஓட்டை வண்டிதான் மிஞ்சும். துணிக்கு இது இன்னும் பொருந்தும், காரையாவது ஓட்டிப் பாத்து வாங்கலாம். ஆன்லைன்ல துணியைத் தொடக்கூட முடியாது. எனக்கு அங்க கையும் இல்ல மூக்கும் இல்ல, அவங்க எழுதற அந்த மூணு வரிதான் என் கை, என் மூக்கு, எல்லாம். அதுல பொய் எழுதிட்டு, "நீதான் பாத்து வாங்கியிருக்கணும்"னா, எதைப் பாக்கறது?

பாத்து வாங்கற ஆள்தான் நான். எம், எல்னு போட்டிருக்கிறதை நம்பறதே இல்ல, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு, அதுலயும் துவைச்சுச் சுருங்கினதுக்கு லேபிள் அளவு எந்த மூலைக்கு. தரையில விரிச்சு வச்சு அக்குள்ல இருந்து அக்குள் வரைக்கும், தோள்ல இருந்து கீழ வரைக்கும் டேப் வச்சு அளந்து சொல்லச் சொல்லுவேன். இந்த ஆள்கிட்டயும் கேட்டேன். அக்குள் பக்கம் ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கன்னும் கேட்டேன், "நல்லா இருக்கு, நம்பி வாங்குங்க"ன்னு பதில் வந்துச்சு, ஃபோட்டோ வரல. அங்கயே நிறுத்தியிருக்கணும். நம்பினேன்.

இதே மாதிரி மாட்டிக்கிட்ட ரெண்டு மூணு பேர் தனியாக் கேட்டிருந்தீங்க, என்ன பண்ணணும்னு. முதல் வேலை, அந்த விளம்பரத்தை வார்த்தை வார்த்தையா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, விக்கிறவங்ககிட்ட பேசறதுக்கு முன்னாடியே. நான் மெசேஜ் போட்ட மறுநாள் காலைல "ப்யூர் சில்க்" போயி "சில்க் ஃபினிஷ்"னு மாறியிருந்துச்சு. "பொருள் சரியா வந்துச்சு"ன்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கிடாதீங்க, அமுக்கினா நிறைய இடத்துல பணம் அவங்களுக்குப் போயிடும், அப்புறம் பின்னாடி அலையணும். புகார் கொடுக்கக் கொஞ்ச நாள்தான் டைம் இருக்கும், அந்த நாளை விக்கிறவங்க "நாளைக்குச் சொல்றேன், நாளான்னைக்குச் சொல்றேன்"னு இழுத்தே தீத்துடுவாங்க. வெளிய போன்ல பேசிக்கலாம், தனியாப் பணம் அனுப்பிடறேன்னு கூப்பிட்டாப் போகாதீங்க, பேச்சு முழுக்க அங்கயே எழுத்துல இருக்கட்டும். பகல் வெளிச்சத்துல ஃபோட்டோ எடுங்க, குறை பக்கத்துல ஸ்கேல் வைங்க. துவைக்காதீங்க, போட்டுப் பாக்கக்கூடச் செய்யாதீங்க. என்ன ஆத்திரம் வந்தாலும் மெசேஜ்ல திட்டாதீங்க, ஒரு வார்த்தை திட்டினாலும் அதை மட்டும் தனியா எடுத்துக் காட்டுவாங்க. பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க, நான் எடுக்கல, அதுக்குத்தான் இப்ப அனுபவிக்கிறேன்.

யோசிச்சுப் பாருங்க, ஒரு சட்டை வாங்கறதுக்கு நான் சாட்சி சேக்கணும், வீடியோ எடுக்கணும், நூலை எரிக்கணும். கஸ்டமர் கேர்ல இதுவரைக்கும் நாலு தடவை ஃபோட்டோ கேட்டாங்க என்கிட்ட. விக்கிறவங்ககிட்ட "இது சில்க்னு எப்படித் தெரியும்"னு ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டாங்களான்னா இல்ல. பொய் சொல்றதுக்கு எந்த ஆதாரமும் வேண்டாம். பொய்யின்னு சொல்றதுக்கு எல்லா ஆதாரமும் வேணும். அதுக்கு மேல வீட்ல, வெளியில, "இந்தச் சின்ன விஷயத்துக்கா"ன்னு வேற. அப்படிச் சொன்னவங்கள்ல ஒருத்தருக்கு மட்டும்: சின்ன விஷயம்னு நீங்க சொல்லாதீங்க, போன தடவை உங்களுக்கு வந்த செருப்புக்கு நீங்க எவ்வளவு குதிச்சீங்கன்னு எனக்குத் தெரியும், நான்தான் உக்காந்து உங்களுக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன், அப்ப அது சின்ன விஷயமா இல்ல.

இனிமே வாங்காதேன்னு சொல்றவங்களுக்கு: வாங்குவேன். எனக்குப் பிடிக்கும். போன வருஷம் ஒருத்தர்கிட்ட ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன், "வலது கைப்பக்கம் பூச்சி அரிச்ச ஓட்டை ரெண்டு இருக்கு, நான் நூலால பின்னி அடைச்சு ரஃபூ பண்ணியிருக்கேன், கிட்டப் பாத்தாத் தெரியும், பூச்சி முட்டை இருந்துடக் கூடாதுன்னு ஒரு வாரம் ஃப்ரீஸர்ல வச்சு எடுத்தேன்"னு எழுதியிருந்தார். ஒரு ஃபோட்டோ முழுக்க அந்த ரெண்டு ஓட்டைதான். பாத்த உடனே வாங்கினேன். அந்த ஸ்வெட்டரைத்தான் இப்ப போட்டுட்டு எழுதறேன், ரஃபூ பண்ண இடம் தடவினாக் கொஞ்சம் மேடா இருக்கும்.

அந்த மெரூன் சட்டை கவரோட அலமாரி மேல இருக்கு. அஞ்சாவதா ஒரு ஃபோட்டோ கேட்டிருக்காங்க, லேபிள் வெட்டின இடத்தைக் கிட்டத்துல எடுக்கணுமாம். காலைல வெளிச்சம் வந்ததும் எடுத்து அனுப்பறேன்.