தொப்பியை விடுங்கள், மார்ச் 3-ஐப் பாருங்கள்

துருக்கி என்றாலே நம் ஆட்கள், குடியரசை நிறுவிய முஸ்தபா கமால் ஐரோப்பியத் தொப்பி போடச் சொல்லி 1925-ல் கொண்டுவந்த சட்டத்தில் ஆரம்பித்து, 1928-ல் அரபி எழுத்தை லத்தீனுக்கு மாற்றியதில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு என்னவோ 1924 மார்ச் 3 தான் முக்கியமான நாள்.

அன்றைக்குத்தான் அங்காரா நாடாளுமன்றம், முஸ்லிம்களின் தலைவர் என்று கருதப்பட்ட கலீஃபாவின் பதவியை ஒழித்தது. சுல்தான் பதவி 1922-லேயே போய்விட்டது, 1923 அக்டோபர் 29-ல் குடியரசும் வந்துவிட்டது, மிச்சம் இருந்தவர் கலீஃபா இரண்டாம் அப்துல் மஜீத் மட்டும். அவரை விடிவதற்குள் இஸ்தான்புல் அரண்மனையிலிருந்து காரில் கிளப்பி, ஊருக்கு வெளியே ஒரு ஸ்டேஷனில் ரயிலேற்றி, சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். (அந்தப் பதவியைக் காப்பாற்றச் சொல்லித்தான் காந்தியும் அலி சகோதரர்களும் இங்கே கிலாபத் இயக்கம் நடத்தினார்கள்!)

சரி, இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே நாளில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது, அதை யாரும் பேசுவதில்லை. தியானத் என்று மத விவகாரங்களுக்கு ஓர் அரசுத் துறை, பிரதமருக்குக் கீழே. இமாமை நியமிப்பதும் நீக்குவதும் இனி அரசின் வேலை. 1932-ல் தொழுகைக்கு அழைக்கும் பாங்கைக்கூட அரபியில் சொல்லாதே, துருக்கி மொழியில் சொல் என்றார்கள், அது 1950 வரை நீடித்தது. இதற்குப் பெயர் மதத்தையும் அரசையும் பிரிப்பதா? மதத்தை எடுத்து அரசு தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது, அவ்வளவுதான். அதிலும் சன்னி இஸ்லாம் மட்டும், துருக்கியின் சிறுபான்மை முஸ்லிம் பிரிவான அலெவிகளுக்கு அங்கே இடமே இல்லை.

கமாலைக் குறை சொல்வதே என் நோக்கம் என்று நினைக்க வேண்டாம். 1926-ல் ஷரியத்தை விட்டு சுவிஸ் சிவில் சட்டத்தை எடுத்ததும், 1934-ல் பெண்களுக்கு நாடாளுமன்ற ஓட்டு கொடுத்ததும் சாதாரண காரியமா, பிரான்ஸ் பெண்களுக்கே அது 1944-ல்தான் கிடைத்தது. ஆனால் கேள்வி கேட்க ஒருவரையும் விட்டுவைக்கவில்லையே. அவரோடு விடுதலைப் போரில் நின்ற காஸிம் கராபெகிர், ரவூஃப் போன்றவர்கள் 1924-ல் ஒரு எதிர்க்கட்சி தொடங்கினார்கள், மத நம்பிக்கைகளை மதிப்போம் என்று கட்சித் திட்டத்தில் எழுதினார்கள். குர்து பகுதியில் ஷேக் சயீத் கலகம் வெடித்தது, அதையே சாக்காக வைத்து 1925-ல் கட்சியை மூடிவிட்டார்கள். இஸ்தான்புல் கூட்டங்களில் மக்களைத் தட்டியெழுப்பிய எழுத்தாளர் ஹாலிதே எதிப் கணவரோடு நாட்டை விட்டே போனார், திரும்பியது கமால் இறந்த பிறகு, 1939-ல்.

அப்புறம், பின்னாளில் அதிபரான எர்டோகன் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார் என்று புலம்புகிறார்கள். அவர் தியானத் துறையை மூடவில்லை, இன்னும் பெரிதாக்கினார். தயாராக இருந்த ஆயுதத்தை யாராவது தூக்கிப் போடுவார்களா?