பெயரை மாற்று, கூடவே உள்ளே கை வைக்காதே

கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளின் முதல் புல் ரிக்வெஸ்ட் (தாங்கள் செய்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் விண்ணப்பம்) பெரும்பாலும் இரண்டில் ஒன்று. அறிமுகக் குறிப்பான ரீட்மீயில் எழுத்துப்பிழைத் திருத்தம், அல்லது ஃபைல் பெயர் மாற்றம். முதலாவதைக் கண்ணை மூடிக்கொண்டு மெர்ஜ் செய்யலாம், அதாவது திட்டத்தில் சேர்த்துவிடலாம். இரண்டாவதில்தான் எனக்கு வழக்கு.

கடலூர், புதுச்சேரிப் பக்கத்து நண்பர்கள் சிலர் சேர்ந்து, தமிழ் உரையைச் சொல்லாகவும் எழுத்தாகவும் பிரிக்கிற சின்ன பைத்தான் நிரல்தொகுப்பு ஒன்றைப் பராமரிக்கிறோம். எல்லாரும் வேலை முடித்து ராத்திரியில் உட்காருகிறவர்கள். அதில் உள்ள ஃபைல் பெயர்களைப் பார்த்தால் யாருக்கும் கை அரிக்கும். ழகரத்துக்கு ஒருவர் ஆங்கிலத்தில் இஸட்-ஹெச் போட்டிருப்பார், இன்னொருவர் வெறும் எல். ஒன்று பெரிய எழுத்தில் தொடங்கும், பக்கத்தில் இருப்பது சின்ன எழுத்தில். மாட்யூல் (ஒவ்வொரு பைத்தான் ஃபைலும் ஒரு மாட்யூல்தான்) பெயர் சுருக்கமாக, சின்ன எழுத்தில் இருக்கட்டும் என்று பைத்தானின் பெப் 8 வழிகாட்டி வேறு சொல்கிறது. புதுச்சேரியில் படிக்கும் ஒரு தம்பி எல்லாவற்றையும் மாற்றி, "அண்ணா, ஒரே சீராக்கிட்டேன்" என்று அனுப்பினார்.

அவருடைய விண்டோஸ் லேப்டாப்பில் எல்லாம் ஓடியது. எங்கள் லினக்ஸ் சோதனையிலோ முதல் இம்போர்ட்டிலேயே, அதாவது ஒரு ஃபைல் இன்னொன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வரியிலேயே, 'அப்படி ஒரு மாட்யூல் இல்லை' என்று நின்றுவிட்டது. விண்டோஸுக்குப் பெரிய டி-யும் சின்ன டி-யும் ஒன்றுதான். அங்கே நிறுவப்படும் கிட்டும் (நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றை வைத்துக்கொள்ளும் கருவி) அதற்கேற்ப அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை. அதனால் திருத்திய இம்போர்ட் வரிகள் வந்து சேர்ந்தன, ஃபைல் மட்டும் பழைய பெயரிலேயே இருந்தது. 'கிட் எம்வி' கட்டளையால் மாற்றியிருந்தால் பதிவாகியிருக்கும். தம்பியைக் குறை சொல்ல மாட்டேன், இதையெல்லாம் எந்த வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்? (லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் நெட்ஃபில்டரின் ஃபோல்டரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் மட்டுமே கொண்ட ஃபைல்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. விண்டோஸில் இறக்கினால் ஜோடியில் ஒன்றுதான் மிஞ்சும்.)

அது போகட்டும், அரை மணி நேர வேலை. எனக்கு உண்மையில் கவலை வந்தது, பெயரை மாற்றிய அதே கமிட்டில் (செய்தியோடு ஒரே தடவையில் பதியும் மாற்றத் தொகுப்பு) அவர் ஃபைலுக்குள்ளும் புகுந்து துப்புரவு செய்திருந்ததைப் பார்த்தபோதுதான்.

கிட் பெயர் மாற்றத்தைப் பதிவு செய்வதே இல்லை. 2005-இல் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தெரிந்தேதான் அப்படி வடிவமைத்தார். ஒவ்வொரு கமிட்டிலும் மொத்த ஃபோல்டரின் நிலையை வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிறகு நாம் கேட்கும்போது, காணாமல் போன ஃபைலையும் புதிதாக வந்த ஃபைலையும் ஒப்பிட்டு, பாதிக்கு மேல் ஒத்துப்போனால் 'பெயர் மாறியிருக்கிறது' என்று ஊகிக்கும். பாதிக்குக் கீழே போனால் ஒரு ஃபைல் அழிந்தது, இன்னொன்று பிறந்தது. பழைய வரலாறு எங்கும் போகாது, ஆனால் புதிய பெயரிலிருந்து அதற்குப் போகும் வழி அறுந்துவிடும்.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் நிரலில் பார்த்தவுடன் தேவையில்லை என்று தோன்றுகிற ஒரு வரி இருக்கிறது. 'ஸ்ரீ'யை சகரக் கிரந்தமான ஶ கொண்டும் தட்டச்சிடலாம், ஸ கொண்டும் தட்டச்சிடலாம். பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒரே உருவம், உள்ளே வேறு வேறு குறியீடு. அந்த வரி இரண்டையும் ஒன்றாக்குகிறது. பக்கத்தில் விளக்கம் ஏதும் கிடையாது. எழுதியவர் கமிட் செய்தியில்தான் காரணத்தைச் சொல்லியிருக்கிறார். எந்த வரி எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் 'கிட் பிளேம்' கட்டளையைப் போட்டால் அங்கே கொண்டுபோய் விடும். வழி அறுந்தால், அடுத்து வருகிற சுத்தக்காரர் அந்த வரியைத் தூக்கிவிடுவார். கோயில் பெயர்களைத் தேடுகிறவருக்குப் பாதி முடிவுகள் வராது, ஏன் என்றும் தெரியாது.

ஆகவே பெயர் மாற்றத்துக்குத் தனி கமிட். இம்போர்ட் வரிகள் மாறியே ஆகவேண்டும், சரி, அந்த ஒன்றிரண்டு வரியால் கிட் ஏமாறாது. சந்தி பிரிப்பு, வடிவமைப்பு, துப்புரவு எல்லாம் அடுத்த கமிட்டில். இப்படிச் செய்தால் பழைய பெயரை வைத்து வேறொருவர் வேலை செய்துகொண்டிருக்கும் பிராஞ்ச்கூட (நிரலின் தனிக் கிளை) பெரும்பாலும் ஒழுங்காகவே மெர்ஜ் ஆகும்.

மாற்றவே கூடாதா என்றால், பெயர் பொய் சொல்லும்போது மாற்றத்தான் வேண்டும். கெர்னலில் 2007-இல், 32-பிட், 64-பிட் இன்டெல் வகைச் சிப்புகளுக்கான ஐ386, எக்ஸ்86-64 என்ற இரண்டு ஃபோல்டர்களை எக்ஸ்86 என்ற ஒன்றில் சேர்த்தார்கள். ஒரே பெயரில் மோதிய ஃபைல்களுக்கு _32, _64 என்று வால் ஒட்டி, முதலில் இடம் மட்டும் மாற்றினார்கள். உள்ளே இருந்ததை ஒன்றாக்கும் வேலை அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. இன்னொரு பக்கம் கட்டற்ற அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸ். ஆவணம் எழுதும் அதன் ரைட்டர் நிரல் இன்றும் 'எஸ்டபிள்யூ' என்ற ஃபோல்டரில்தான், அதன் முன்னோடியான ஸ்டார்ரைட்டர் காலத்துப் பெயர். யாருக்கும் சோறு இறங்காமல் போகவில்லை.

பைத்தானில் ஃபைல் பெயர்தான் இம்போர்ட் பெயர், அதாவது வெளியாளுக்குக் கொடுத்த வாக்கு. பைத்தான் 3 வந்தபோது, 2008-இல், டிகேஇன்டர், கான்ஃபிக்பார்சர், கியூ என்று சில மாட்யூல்களின் பெரிய எழுத்தைச் சின்னதாக்கினார்கள். அதற்காக 'ஒரு பெயரை முயன்று பார், இல்லையென்றால் மற்றது' என்ற இரட்டை இம்போர்ட்டை உலகமே வருடக்கணக்கில் எழுதியது.

ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் பாண்டிச்சேரி புதுச்சேரி ஆனது. பல்கலைக்கழகம் இன்னும் பாண்டிச்சேரிதான், கடலூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூப்பிடுவது 'பாண்டி, பாண்டி'. ஏறினால் சரியான இடத்தில்தான் இறங்குவீர்கள். நிரலிலும் பழைய பெயரில் ஒரு ஃபைலை விட்டு, புதியதிலிருந்து எல்லாவற்றையும் இம்போர்ட் செய்து, ஒரு எச்சரிக்கை வரி போட்டால் போதும். ஆனால் பெரிய எழுத்தைச் சின்னதாக்கும் மாற்றத்துக்கு இந்தப் பாலத்தைக்கூடப் போட முடியாது, விண்டோஸில் இரண்டும் ஒரே ஃபோல்டரில் நிற்காதே! அழகுக்காகச் செய்கிற மாற்றங்களில் இதைத்தான் நான் அடியோடு எதிர்க்கிறேன்.

எங்கள் குழுவிலேயே ஒரு நண்பர், பெயர்கள் இப்படித் தாறுமாறாக இருந்தால் புதியவர்கள் மிரண்டு ஓடிவிடுவார்கள் என்கிறார். எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல்தான் மிரளுகிறார்கள் என்பது என் வாதம். எந்த ஃபைல் என்ன செய்கிறது என்று ஒரு பக்கம் எழுதி, நிரல் எல்லாம் இருக்கும் ரெப்போவில் வைத்தால் முடிந்தது. அந்தத் தம்பி இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.