பனிவண்டி 15 வயதுச் சிறுவனின் கண்டுபிடிப்பா?

“ஸ்னோமொபைலை (பனியில் ஓடும் மோட்டார் வண்டியை) 1922இல் கனடாவின் 15 வயதுச் சிறுவன் கண்டுபிடித்தான், அதுவே இன்றைய ‘ஸ்கி-டூ’ என்ற பனிவண்டி” என்றொரு செய்தி பரவி வருகிறது. இதில் பாதி உண்மை, மீதி தவறு.

கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள வால்கோர்ட்டைச் சேர்ந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று பனியில் ஒரு வண்டியை ஓட்டிக் காட்டியது உண்மையே. ஆனால் அது, பழைய ஃபோர்டு காரின் எஞ்சினை மரச் சறுக்குச் சட்டத்தில் பொருத்தி, பின்புறம் மூடப்படாமல் சுழலும் விசிறியால் தள்ளப்பட்ட கருவி; அதன் ஆபத்தைக் கண்ட தந்தை உடனே பிரித்துவிடச் சொன்னார். இன்றைய வண்டியை நகர்த்தும் சுழல்பட்டை (பீரங்கி வண்டியில் இருப்பது போன்ற தொடர்பட்டை) அதில் இல்லை.

பனிவண்டியை முதலில் உருவாக்கியவரும் அவர் அல்லர். அமெரிக்காவின் விர்ஜில் வைட், காரின் முன்சக்கரங்களுக்குப் பதில் சறுக்குக்கட்டையும் பின்னால் பட்டையும் பூட்டும் அமைப்புக்கு 1917இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். பொம்பார்டியே பட்டை வண்டிக்குக் காப்புரிமை பெறும் முன்பே, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கார்ல் எலியசன் 1924இல் மோட்டார் சறுக்குவண்டி செய்தார்.

பொம்பார்டியேயின் உண்மையான பங்களிப்பு பின்னர் வந்தது. 1934இல், பனி மூடிய சாலையால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியாமல் அவருடைய இரண்டு வயது மகன் இறந்தான். ரப்பர் பட்டையும் பற்சக்கரமும் கொண்ட அமைப்புக்கு 1937இல் காப்புரிமை பெற்று, ஏழு பேர் அமரும் வண்டிகளை அவர் விற்றார்; மருத்துவர்களும் தபால்காரர்களும் அவற்றில் பயணித்தனர். 1948இல் கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் பனியகற்ற ஆணையிட்டதும் அவற்றுக்கான தேவை சரிந்தது. ஸ்கி-டூ வெளிவந்தது 1959இல்தான்.