9,000 ரூபாய் கிடாரை விறகு என்ற அண்ணனுக்கு

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை அந்தத் தம்பி வீடியோவையே நீக்கிவிட்டான் என்று பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

எந்த வீடியோ என்று உங்களுக்கே தெரியும். பாபநாசம் பக்கத்துப் பையன், திண்ணையில் உட்கார்ந்து தன் 9,000 ரூபாய் எலக்ட்ரிக் கிடாரை ஒன்றரை நிமிடம் வாசித்திருந்தான். இரண்டு இடத்தில் சுருதி விலகியது, உண்மைதான். அதற்குக் கீழே நம் அண்ணன் ஒருவர், மேடை ஏறுகிறவர், நானும் மதிக்கிறவர், "9,000 ரூபாய்க்கு விறகுதான் கிடைக்கும். காசு சேர்த்து நல்லதா வாங்கு" என்று எழுதினார். அதற்கு வரிசையாகச் சிரிப்பு.

அண்ணா, அந்தக் கிடாரைக் கையில் வாங்கிப் பார்த்தீர்களா? விலையைக் கேட்டீர்கள், அவ்வளவுதான். ஒரு வாத்தியத்தைத் தொடாமலே அதற்குத் தீர்ப்பு எழுதுவது என்ன நியாயம்?

கிடாரின் கழுத்தில் (நெக்) குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைதான் ஃப்ரெட். சுருதி விலகிய அந்த இரண்டு இடமும் முதல் இரண்டு ஃப்ரெட்டில் பிடிக்கிற கார்டு, அதாவது பல கம்பியைச் சேர்த்து ஒலிக்கிற சுரக்கூட்டு. அதற்கு மேல் ஃப்ரெட்டுகளில் வாசித்ததெல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் நாலு தடவை கேட்டேன். கழுத்தின் மேல்முனையில் கம்பியைத் தாங்குகிற துண்டுக்கு நட் என்று பெயர். அந்த நட்டில் கம்பி உட்காரும் பள்ளம் ஆழமாக இல்லையென்றால் கம்பி உயரமாக நிற்கும். முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது கம்பி இழுபட்டு சுருதி ஏறிவிடும். பையன் மேலும் தப்பில்லை, மரத்தின் மேலும் தப்பில்லை. அரை மணி நேர அரம் வேலை பாக்கி இருக்கிறது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், பட்டுத் தெரியும். 1999இல் அம்மா சீட்டு எடுத்து எனக்கொரு எலக்ட்ரிக் கிடார் வாங்கித் தந்தார். முதல் ஃப்ரெட்டில் ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்துகிற எஃப் கார்டை ஆறு மாதம் பிடிக்க முடியவில்லை. விரல் நுனி வெடித்து ரத்தம் வந்தது. கடைக்காரர் "பழகப் பழகச் சரியாகிடும்" என்றார். எனக்கு விரல் குட்டை, சங்கீதம் நமக்கு வராது என்று முடிவே செய்துவிட்டேன். அப்புறம் வைத்தீஸ்வரன்கோவில் பக்கம் ஒரு திருவிழாவில், மெல்லிசைக் குழுவில் வாசித்த அண்ணன் ஒருவரிடம் கிடாரைக் காட்டினேன். மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே என் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து நுழைத்தார். தாராளமாகப் போனது. "ஒரு தாள் போகலாம்டா, இது மாட்டு வண்டியே போகும்" என்றார். பையிலிருந்து நகைப் பட்டறை அரம் ஒன்றை எடுத்தார். கொஞ்சம் தேய்ப்பார், கம்பியைப் பள்ளத்தில் வைத்து அழுத்திப் பார்ப்பார், மறுபடி விலக்கித் தேய்ப்பார். ஆறு கம்பிக்கும் அப்படித்தான். அன்று ராத்திரி எஃப் கார்டு வந்தது. விடிய விடிய அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆறு மாதத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?

நாம் தஞ்சாவூர்க்காரர்கள், இது நமக்குப் புரியாதா? பண்ருட்டிப் பலா மரத்தில் குடைந்து எடுத்தாலும், மெழுகில் 24 மெட்டையும் காதால் கேட்டு உட்கார வைக்கிற வரைக்கும் அது வீணையா? இப்படி மெட்டை உட்கார வைப்பதைத்தான் மேளம் கட்டுவது என்போம். அந்தக் கை பட்டால்தான் வீணை பேசும். மலிவான கிடாரிலும் கம்பெனி மிச்சம் வைப்பது அந்தக் கடைசிக் கைவேலையைத்தான். ஃப்ரெட்டின் இடத்தை இன்று எந்திரமே அளந்து வெட்டிவிடுகிறது. 648 மில்லிமீட்டர் கம்பி என்றால் 12ஆவது ஃப்ரெட் சரிபாதியில், 324இல். இந்தக் கணக்கு 9,000 ரூபாய் கிடாருக்கும் லட்ச ரூபாய் கிடாருக்கும் ஒன்றுதான்.

"மரம் மட்டம், நாதம் வராது" என்பீர்கள். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். இங்கே கம்பி அதிர்வதைப் பிடிப்பது காந்தமும் கம்பிச் சுருளும். மரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு முதல் கேள்வி அது இல்லை. 1950இல் நாலு திருகில் நெக்கைப் பூட்டி, பட்டறையில் வேகமாகச் செய்கிற மாதிரி கிடாரை வடிவமைத்த லியோ ஃபெண்டர் ஒரு ரேடியோ மெக்கானிக், கிடார் வாசிக்கத் தெரியாதவர். அவர் தொடங்கிய கம்பெனி 1982இல் ஜப்பானில் ஸ்கொயர் என்ற பெயரில் விலை குறைந்த கிடார் போட்டது. அந்த முதல் வருடத்துக் கிடார்களை இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள்.

அப்படியானால் மலிவாக விற்பதெல்லாம் நல்லதா என்று கேட்பீர்கள். இல்லை. வாங்குகிற பிள்ளைக்கு நான் சொல்வது இது: நெக் முறுக்கியிருந்தால் திருப்பி அனுப்பு, பேசவே வேண்டாம். என் மாணவர்கள் வாங்கியதில் மூன்றை நானே திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். 12ஆவது ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை மீட்டு. இரண்டும் ஒரே சுருதியில் வர வேண்டும். வராவிட்டால், கிடாரின் உடலில் கம்பி முடிகிற பிரிட்ஜில், கம்பியைத் தாங்குகிற சேடிலை நகர்த்து. அப்படியும் வராவிட்டால் வேண்டாம். ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்திக் கேள், எங்கே இரைகிறது என்று தெரியும். ஃப்ரெட் முனையில் உள்ளங்கையைத் தடவிப் பார், கூராகக் குத்துகிறதா என்று. பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், அது விறகா வாத்தியமா என்று. விலைச் சீட்டில் தெரியாது.

எனக்குக் கமிஷன் வருகிறது என்று யாராவது எழுதுவார்கள். கும்பகோணத்தில் பாடம் சொல்லித் தருகிறேன், ஒரு கிடார்கூட விற்றதில்லை. இன்று நான் வாசிப்பது 60,000 ரூபாய் கிடார். சுருதி நிற்கிறது, கைக்கு சுகமாக இருக்கிறது, அதையும் மறுக்கவில்லை.

"காசு சேர்த்து நல்லதா வாங்கு" என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கிருந்து சேர்ப்பது? ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று பார்த்திருக்கிற வீடு அது. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு, மழை வந்துவிடுமோ என்று தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்காரும் அப்பா. அந்தக் காசில் வந்த 9,000 அது. 16 வயதுப் பையன் 40,000 சேர்க்கும்போது அவனுக்கு 22 ஆகிவிடும். அதுவரைக்கும் விரல் காத்திருக்குமா? உங்கள் முதல் கிடார் என்ன விலை அண்ணா? அதை யாராவது உங்கள் முகத்துக்கு நேரே விறகு என்று சொன்னார்களா?

அவன் அப்பாவும் அந்தக் கமெண்டைப் படித்திருக்கிறார். நேற்று அவன்தான் சொன்னான். கிடாரை உறையில் போட்டு பரண் மேல் வைத்துவிட்டானாம்.

தம்பி, இதைப் படித்தால் ஞாயிற்றுக்கிழமை கிடாரை எடுத்துக்கொண்டு கும்பகோணம் வா. காசு எதுவும் வேண்டாம். ஒரு செட் 9-42 அளவுக் கம்பி மட்டும் வாங்கிக்கொண்டு வா. அரம் என்னிடம் இருக்கிறது.