ரப்பர் செருப்பு போட்டா கரண்ட் அடிக்காதா?

நம்ம குமரி மாவட்ட குரூப்புகள்ல ஒரு மெசேஜ் சுத்துது, ரப்பரும் மரமும் கரண்ட கடத்தாது, அதனால செருப்பு போட்டுட்டு கம்பால அறுந்த ஒயர தள்ளிவிடலாம், இத பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுங்கன்னு. தப்பு மக்களே. பாதி உண்மைங்கறதாலதான் இன்னும் டேஞ்சர்.

காஞ்ச ரப்பர் கடத்தாது, சரி, ஆனா நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, செருப்பு நனைஞ்சு சேறு அப்பிட்டா அந்த ஈரமே கரண்டுக்கு வழி, தேஞ்சு ஓட்டை விழுந்த செருப்புன்னா கேக்கவே வேண்டாம். பச்சைக் கம்புலயும் உப்பு கரைஞ்ச சாறுதான் நெறைய. மாங்கா பறிக்கிற தோட்டி அலுமினியம்னா அது சுத்தமான கடத்தி. வீட்டு லைன் 230 வோல்ட், ஹெச்டிங்கற உயர் அழுத்த லைன் 11,000, அங்க காஞ்ச கம்பையும் நம்பாதீங்க.

பிள்ளைக்கு காட்ட 1.5 வோல்ட் செல் ரெண்டு, குட்டி டார்ச் பல்பு, துண்டு ஒயர் போதும். நடுவுல ஆணி வச்சா எரியும், ரப்பர் பேண்ட் வச்சா எரியாது. பச்சைக் கம்பு வச்சாலும் எரியாது பாருங்க, அதுலதான் ஏமாந்து போவோம், 3 வோல்ட்டுக்கு அசையாதது 230க்கு ஆளையே தூக்கிடும்னு அப்பவே சொல்லிடுங்க.

ஒயர் அறுந்து கெடந்தா கிட்ட போகாம, பெரியவங்கள கூப்பிட்டு மின்வாரிய புகார் மையமான மின்னகம் 94987 94987க்கு அடிக்கச் சொல்லுங்க.